மணியடித்ததும் கலையும் படை

சென்னையில் ஒரே தெருவில் குடியிருக்கும் மூன்று சாரணச் சிறுவர்கள் மூன்று வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். பெரம்பூர், அயனாவரம் பக்கம் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் படிப்பவன் தமிழ்நாடு மாநிலச் சாரணன். கேந்திரிய வித்யாலயாவில் படிப்பவனுக்கு அந்தப் பள்ளிகளின் அமைப்பே ஒரு மாநிலம். ரயில்வே குழுவில் சேர்ந்த பையன் ‘தெற்கு ரயில்வே’ என்ற மாநிலத்துக்காரன். பாரத சாரணர் சாரணியர் அமைப்பின் பதிவேட்டில் ரயில்வே மண்டலம் ஒவ்வொன்றும் ஒரு மாநிலம்தான். மூவரும் சொல்வது ஒரே உறுதிமொழி. மூவரும் கைகுலுக்குவது இடக்கையால். ஆனால் மூவரும் ஓர் அணியாக நின்று ஒரு கூடாரத்தை நிமிர்த்தப்போவதில்லை.

நிர்வாகத்துக்கு இது வசதி. ஒரு துறை, ஒரு சுற்றறிக்கை, ஒரு பொறுப்பாளர் என்று வேலை முடிந்துவிடும். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு அடியில் கிடக்கும் எண்ணம் உறுத்துகிறது. சாரணன் ஏதோ ஒரு நிறுவனத்தின் பிள்ளை. அவன் குடியிருக்கும் பேட்டைக்கும் அவன் பெறும் பயிற்சிக்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் அது. நூறாண்டுகளைத் தாண்டிய ஓர் இயக்கம் சென்னைக்காரர்களின் கண்ணில் படாமலே இருப்பதற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் கட்சி. குடியரசு தின அணிவகுப்பிலும் பள்ளி ஆண்டு விழா வாசலிலும் ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளைகளைப் பார்க்கிறோம். நவம்பர் 7 நிறுவன நாளை ஒட்டி கொடி ஸ்டிக்கர் வாங்குகிறோம். மற்ற நாட்களில் அவர்கள் எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சென்னையில் இந்த இயக்கம் தொடங்கிய விதத்தைப் பார்த்தால் இப்படி முடிந்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றும்.

சாரண இயக்கத்தை நிறுவிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பேடன் பவல் தன் ராணுவ வேவுப் பயிற்சியைப் படிப்படியாகச் செதுக்கிய இடங்களில் ஒன்று மீரட். 1890-களின் இறுதியில் அங்கே தன் குதிரைப்படை வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் ‘எய்ட்ஸ் டு ஸ்கவுட்டிங்’ என்ற சிறு கையேட்டை எழுதினார். 1899-இல் அது வெளிவந்த கையோடு தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் முற்றுகை. 217 நாட்கள் தாக்குப்பிடித்த தளபதியின் புத்தகம் என்பதால் இங்கிலாந்துச் சிறுவர்கள் அதை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்கள். ராணுவத்தாருக்கு எழுதியதைப் பையன்கள் படிக்கிறார்களே என்று யோசித்த பேடன் பவல், 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் இருபது பையன்களை வைத்துச் சோதனை முகாம் நடத்தினார். ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளும் பூல், போர்ன்மத் ஊர்களின் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் படுத்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது சின்ன விஷயமல்ல. மறு ஆண்டு ‘ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்’ வந்தது. இயக்கம் கடல் தாண்டியது.

வர்க்கத் தடையைத் தீவிலேயே விட்டுவந்தவர்கள் நிறத் தடையை மட்டும் மறக்காமல் கப்பலேற்றினார்கள். 1909-இல் பெங்களூரில் கேப்டன் டி.எச். பேக்கர் இந்தியாவின் முதல் படையைத் தொடங்கினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சென்னை, ஜபல்பூர், பம்பாய் என்று பரவியது. எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கும். இந்தியப் பையன்களுக்கு இடமில்லை. வேவு பார்க்கவும் வரைபடம் படிக்கவும் தலைமை ஏற்கவும் சுதேசிப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தால் நாளைக்கு அவர்கள் புரட்சிக்காரர்களாக வந்து நிற்பார்கள் என்பது அதிகாரிகளின் பயம். பயம் நியாயமானதுதான்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாரணர்களுக்குக் கண்கூர்மைப் பயிற்சியாக இன்றும் நடத்தும் விளையாட்டு ‘கிம்ஸ் கேம்’. தட்டில் பரப்பிய பொருட்களை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மூடிய பிறகு எத்தனை நினைவிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலிலிருந்து எடுத்தது. நாவலில், சிம்லாவில் ஒரு நகைக்கல் வியாபாரியின் கடையில் இந்த விளையாட்டு நடக்கிறது. ஐரிஷ் சிப்பாயின் மகனான கிம் தோற்றுப்போகிறான். ஜெயிப்பவன் ஓர் இந்துச் சிறுவன். 1916-இல் சின்னப் பிள்ளைகளுக்கென்று குருளையர் பிரிவைத் தொடங்கியபோது அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டதும் கிப்ளிங்தான்: சிவனி காட்டில் ஓநாய்கள் வளர்த்த மோக்லியின் கதை. லண்டன் பிள்ளைகள் ‘அகேலா’ என்று அழைத்த தங்கள் தலைவரைச் சுற்றி நின்று ஊளையிட்டுக்கொண்டிருந்த நாளில், மோக்லியின் சொந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வட்டத்தில் இடமில்லை.

ஏறக்குறைய அதே சமயத்தில் அடையாற்றிலிருந்து பதில் வந்தது. அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் 1916–17 காலத்தில் சென்னையைத் தலைமையிடமாக வைத்து இந்தியப் பையன்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பேடன் பவலின் பயிற்சி முறை அப்படியே. தலையில் மட்டும் அகல விளிம்புத் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பெசன்ட் நடத்திய ஹோம் ரூல் (தன்னாட்சி) கிளர்ச்சி உச்சத்தில் இருந்த நேரம் அது. 1917 ஜூனில் பெசன்ட், அருண்டேல், பி.பி. வாடியா மூவரையும் மதராஸ் அரசு உதகையில் காவலில் வைத்தது, செப்டம்பரில் விட்டது, டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்கு பெசன்ட் தலைவர். பையன்களுக்கு முடிச்சுப் போடவும் முதலுதவி செய்யவும் கற்றுக்கொடுத்த சங்கத்தை நடத்தியவர் அரசின் கண்ணில் ஆபத்தான அரசியல்வாதி என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைப் படிக்கக் கூடாது.

வடக்கிலும் இதே கதைதான். விவியன் போஸ் மத்திய மாகாணத்தில் இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்துப் படை நடத்தினார். அவர் பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி. அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் 1918-இல் சேவா சமிதி சாரணர் சங்கத்தைக் கண்டார்கள். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்த நாடு வேறு வீடு கட்டிக்கொண்டது.

1921-இல் வைஸ்ராய் அழைத்து பேடன் பவலே வந்தார். சென்னைக்கும் வந்தார். நிறத் தடை போனது. பெசன்ட்டின் சங்கம் பேடன் பவலின் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது. பெசன்ட்டுக்கு இந்தியா முழுமைக்குமான கௌரவச் சாரண ஆணையர் பொறுப்பு கிடைத்தது. மன்னருக்குக் கடமை என்று உறுதிமொழியில் இருந்ததைச் சேவா சமிதிக்காரர்கள் ஏற்காமல் வெளியே நின்றார்கள். பெசன்ட் ஏற்றார். சாம்ராஜ்யத்துக்குள் சுயாட்சி என்பதே அவருடைய அரசியல், அதனால் அவருக்கு அது நெருடியிருக்காது. இதைச் சரணாகதி என்று எழுதியவர்கள் உண்டு. என் கணக்கு வேறு. ஐந்தே ஆண்டுகள் தனிக்கடை நடத்தி, ‘இந்தியப் பையன்கள் இல்லாமல் இந்தியாவில் இயக்கம் இல்லை’ என்ற நிலைக்கு எதிராளியைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு செய்துகொண்ட பேரம் அது. 1932-இல் இயக்கம் அவருக்குத் தன் உயரிய ‘வெள்ளி ஓநாய்’ விருதைக் கொடுத்தது. மறு ஆண்டு அவர் காலமானார்.

அதன் பிறகு நடந்தவை வேகமாகச் சொல்லிவிடக்கூடியவை. 1937-இல் டெல்லியில் நடந்த ஜம்போரி என்ற சாரணர் பெருமுகாமுக்கு வந்துபோன பேடன் பவல் இந்தியர்களின் குணத்தைப் பற்றி மட்டமாகச் சொன்ன கருத்துகள் இங்கே பெரும் கொதிப்பைக் கிளப்பின. மறு ஆண்டு இந்துஸ்தான் சாரணர் சங்கம் பிறந்தது. விடுதலைக்குப் பின் மௌலானா ஆசாத், குன்ஸ்ரு, மங்கள்தாஸ் பக்வாசா போன்றவர்கள் பேசிப் பேசி 1950 நவம்பர் 7 அன்று எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். மறு ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சாரணியரும் சேர்ந்தார்கள். உலக அமைப்பில் இந்தியாவின் உறுப்பினர் அன்று முதல் பாரத சாரணர் சாரணியர்தான்.

ஒற்றுமை வந்தது. கூடவே பள்ளிக்கூடமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

காரணம் புரியாமலில்லை. புதுக் குடியரசில் லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் ஒன்றைக் கொண்டுசேர்க்க வேண்டுமென்றால் பள்ளியை விட்டால் வேறு வழியில்லை. உலக அளவில் முதலிடத்தில் இருக்கும் இந்தோனேசியாவும் பள்ளி வழியாகத்தான் வளர்ந்தது. இந்தியா உலகின் மிகப் பெரிய சாரணர் நாடுகளில் ஒன்றாக நிற்பதும் பள்ளிகளால்தான். ஏழைப் பிள்ளைக்கும் சீருடை கிடைக்க வழிசெய்தது பள்ளி. அதை நான் குறைத்துப் பேசப்போவதில்லை.

ஆனால் இந்தப் பயிற்சியின் உயிர் எதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள் சேர்ந்த அணி. அவர்களுக்குள் ஒருவரே அணித்தலைவர். திட்டம் போடுவது, சமைப்பது, வழி தேடுவது, தப்புப் பண்ணித் திருத்திக்கொள்வது எல்லாம் அவர்களே. பெரியவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு படையில் 32 பேருக்கு மேல் வேண்டாம் என்றார் பேடன் பவல். அதற்கு அவர் சொன்ன காரணம் ரசமானது. தன்னால் பதினாறு பையன்களை ஒழுங்காகக் கவனிக்க முடிந்ததாம். மற்றவர்கள் தன்னைவிட இரண்டு மடங்கு திறமைசாலிகளாக இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு 32 என்று சொன்னாராம். இந்த அடக்கத்தை நம் பள்ளிகளின் நேர அட்டவணையில் தேடிப் பாருங்கள். சாரண ஆசிரியர் என்றால் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர். அல்லது புதிதாகச் சேர்ந்த, மறுத்துப் பேச முடியாத ஓர் ஆசிரியர். தேர்தல் வேலையும் கணக்கெடுப்பும் தேர்வுத்தாள் திருத்தமும் போக மிச்சமிருக்கும் நேரத்தில், வாரத்துக்கு ஒரு பாடவேளை. மணியடித்ததும் படை கலைந்துவிடும்.

வகுப்பறையின் மேல்-கீழும் படைக்குள் நுழைந்துவிடுகிறது. காலையில் கணக்குப் பாடத்தில் அதட்டும் ஆசிரியரே மாலையில் ‘உங்கள் விருப்பப்படி முகாமைத் திட்டமிடுங்கள்’ என்றால் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் திட்டமிடுவார்கள். அணித்தலைவர் ‘லீடர்’ ஆகி, லீடர் வரிசையை நேராக்குகிறவர் ஆகிவிடுகிறார். பத்தாம் வகுப்பு வந்ததும் அதுவும் நின்றுபோகிறது. சாரணர் வயதைக் கடக்கும் இளைஞர்களுக்கான திரிசாரணர் பிரிவு என்று ஒன்று இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

நடுவில் சான்றிதழ் வந்து நிற்கிறது. பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் என்று படியேறி ராஜ்ய புரஸ்கார், பிறகு ராஷ்டிரபதி விருது. ஆளுநர் கையெழுத்து, குடியரசுத் தலைவர் கையெழுத்து. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க ராஷ்டிரபதி விருதுச் சான்றிதழுக்கு மதிப்புண்டு. ஒரு குடும்பத்துக்கு அரசு வேலை எவ்வளவு பெரிது என்று தெரிந்தவர் எவரும் இதைக் கேலி செய்ய முடியாது. ஆனாலும் படிகளை அனுபவித்து ஏறுவது ஒன்று, தேர்வு முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் முடிச்சுகளை மனப்பாடம் செய்வது வேறொன்று. இரண்டாவதுதான் ஊர் வழக்கமாகிவிட்டது.

மேலிடத்தின் கவனமோ மேடைமேல் இருக்கிறது. 2017 செப்டம்பரில் தமிழ்நாடு சாரணர் அமைப்பின் தலைவர் பதவிக்குப் பா.ஜ.க.வின் எச். ராஜா போட்டியிட்டபோது, அதுவரை இந்த இயக்கத்தை எட்டிப்பார்க்காத ஊடகங்கள் எல்லாம் ஓடிவந்தன. அவர் தோற்றார், பி. மணி வென்றார்; ஊடகங்கள் திரும்பிப் போயின. பிள்ளைகள் எங்கே முகாம் போடுகிறார்கள், எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்போடு விலகுகிறார்கள் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறை சிப்காட் வளாகத்தில் வைரவிழா ஜம்போரி நடந்தது. நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்தார்கள். பிப்ரவரி 3-ஆம் தேதி முடிந்தது. பிற மாநிலப் பிள்ளைகளோடு ஒரு வாரம் கூடாரத்தில் தங்குவது பெரிய அனுபவம்தான். ஆனால் ஜம்போரி என்பது திருவிழா. கோயிலில் அன்றாடப் பூசை ஒழுங்காக நடக்கிறதா என்பது தனிக் கேள்வி.

சென்னைக்கு அன்றாடத் தேவை இருக்கிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் தண்ணீர் மாடியைத் தொட்டபோது மீனவர்கள் படகைக் கொண்டுவந்தார்கள். தெருப் பையன்கள் கயிற்றையும் லாரி டியூபையும் வைத்துக்கொண்டு ஆட்களை வெளியே எடுத்தார்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், எந்தச் சந்து பள்ளம், எந்த மொட்டைமாடிக்குப் படிக்கட்டு வெளியில் இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பேட்டைப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணையிலும் இதையேதான் பார்த்தோம். முதலுதவி, முடிச்சு, வரைபடம், சமிக்ஞை, நூறு பேருக்குச் சமைப்பது என்று சாரணர் பாடத்திட்டத்தில் இருக்கும் எதுவும் இந்த வேலைக்கு அந்நியமில்லை. அப்படிப் பயின்ற பிள்ளைகள் நகரத்தில் இருந்தார்கள். ஆனால் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பள்ளி மூடினால் படையும் மூடிவிடுகிறது. தனித்தனியே நல்ல காரியம் செய்த சாரணர்கள் இருந்திருப்பார்கள். படையாகத் திரள அவர்களுக்குத் தெருவில் முகவரி இல்லை.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். பள்ளியைச் சாராமல் குடியிருப்புப் பகுதியில் நடத்தும் ‘ஓப்பன் குரூப்’ என்ற வகை அமைப்பின் விதிகளிலேயே இருக்கிறது. பிரிட்டனில் இயக்கம் இயல்பாக இயங்குவதே இப்படித்தான்: ஊர் மண்டபத்தில் வாரம் ஒரு மாலை, நடத்துகிறவர்கள் பக்கத்துத் தெருப் பெரியவர்கள். நம் ஊரில் விதிவிலக்காகக் கிடப்பதை வழக்கமாக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டுகள். ஒரு வார்டுக்கு ஒரு படை என்று உடனே ஆசைப்படச் சொல்லவில்லை. ஒரு மண்டலத்துக்கு இரண்டு படைகள் என்று தொடங்கினாலும் போதும். அந்தப் படையில் கேந்திரிய வித்யாலயப் பையனும் ரயில்வே காலனிப் பையனும் மாநகராட்சிப் பள்ளிப் பையனும் ஒரே அணியில் உட்காரலாம். பள்ளியை விட்டு நின்றுபோய் மெக்கானிக் கடையில் இருக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கும் இடமிருக்கும். இன்றைய ஏற்பாட்டில் அவனுக்கு எங்கும் இடமில்லை. 1910-இல் தோல் நிறம் கேட்டார்கள். இன்றைக்குப் பள்ளி அடையாள அட்டை கேட்கிறோம்.

இடம்? அடையாற்றில் பெசன்ட் பெயரிலேயே சாரணர் முகாம் மைதானம் இருக்கிறது. அங்கே மரங்களுக்கு அடியில் இரவு தங்கிய பிள்ளை அதை மறக்காது. ஆனால் மாதவரத்துப் பிள்ளைக்கு அடையாறு தூரம். அவன் வீட்டருகே மாநகராட்சி விளையாட்டுத் திடல் இருக்கும், பூட்டிய கேட்டோடு பள்ளி மைதானம் இருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தபோது அழைக்காமலே சீருடையோடு வந்து நின்ற சிறுமிகளால்தான் சாரணியர் இயக்கமே பிறந்தது. சென்னையில் ஒரு தகப்பன் தன் மகளை முகாமுக்கு அனுப்பச் சம்மதிப்பது பள்ளி பொறுப்பேற்பதால்தான். தெருக் குழு என்றால் யோசிப்பார். யோசிக்கத்தான் வேண்டும். அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020-இல் திவால் மனு போட்டது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானோம் என்று இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் 82,000-க்கு மேல். ஊர்ப் பெரியவர், நல்ல மனிதர் என்று நம்பி விட்டதன் விலை அது. பள்ளிச் சுவருக்குள் இருந்தால் பயமில்லை என்பதும் பொய். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி வளாகத்தில், போலி என்.சி.சி. முகாமில் மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமையை நாம் மறந்திருக்க முடியாது. நடத்துகிறவர்கள் யார் என்று சரிபார்க்கக்கூட ஆளில்லாமல் அந்த முகாம் நடந்தது.

எனவே தெருக் குழுவுக்கு விதிகள் பள்ளியைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். பொறுப்பேற்கும் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். சாரணியர் குழுவுக்குப் பெண் பொறுப்பாளர்கள் இல்லாமல் முகாமே கூடாது. கூடும் இடம் பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கக்கூடிய திறந்த இடமாக இருக்க வேண்டும். புகார் சொல்ல அமைப்புக்கு வெளியே ஓர் எண் வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 ஏற்கெனவே இருக்கிறது.

நடத்த ஆள் கிடைப்பார்களா என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி தூர்வாரவும் கடற்கரையில் குப்பை பொறுக்கவும் போகிற இளைஞர்கள் இந்த நகரத்தில் ஏராளம். அவர்களில் பலர் பழைய சாரணர்கள், பழைய என்.எஸ்.எஸ். பிள்ளைகள். சாரண ஆசிரியர் ஆவதற்கு அடிப்படைப் பயிற்சியிலிருந்து ஹிமாலயா உட்பேட்ஜ் வரை படிகள் உண்டு. ஆனால் அந்த முகாம்கள் தொடர்ச்சியாகப் பல நாட்கள் நடப்பவை; பணியாகக் கருதி விடுப்பு கிடைக்கும் ஆசிரியருக்குத்தான் ஒத்துவரும். சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒருவரோ அம்பத்தூரில் பட்டறை வைத்திருப்பவரோ வர வேண்டுமென்றால் பயிற்சியை வார இறுதிகளில் பிரித்துக் கொடுக்க வேண்டும். மாநில அமைப்பு தன் அளவிலேயே செய்யக்கூடிய காரியம் இது. ரயில்வேயும் கேந்திரிய வித்யாலயமும் தங்கள் பிள்ளைகள் தெருக் குழுவிலும் பதிவுசெய்துகொள்ளலாம் என்று ஒரு கடிதம் எழுதினால் போதும். மாநகராட்சியின் பங்கு அதைவிடச் சின்னது: ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துச் சாவி யார் கையில் இருக்கும் என்று ஓர் உத்தரவு.